பால்சுறாவுக்குப் போட்ட வளையல்

எங்க நண்டோடைக் குப்பத்துல பால்சுறா தெருவோட நீந்தி வந்த அன்னிக்கு நான் வாசல்ல உக்காந்து மீன்கூடை கழுவிக்கிட்டு இருந்தேன். அவ பாட்டுக்கு இடுப்பு உயரத்துல காத்துல வாலை ஆட்டிக்கிட்டு வந்தா, ரேஷன் கடை முக்குல திரும்பினா, மாரியம்மன் கோயிலை ஒரு சுத்து சுத்தினா, எவனோ தாழ்வாக் கட்டியிருந்த கேபிள் ஒயருக்குக் குனிஞ்சு கொடுத்தா, என்னைத் தாண்டி என் வீட்டுக்குள்ள போனா, என் மக சுகுணா நிறைமாசமாப் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்துல, ஃபேனுக்கு நேர் கீழ போயி நின்னுக்கிட்டா. நான் கூடையைப் போட்டுட்டு உள்ள ஓடினேன். "அம்மா, இவளும் முழுகாம இருக்கா போலம்மா"ன்னு சுகுணா சொன்னா.

அது எனக்கே தெரிஞ்சுது. ஒருதரம் பெத்தவளுக்கு இன்னொருத்தி வயித்தைத் தூக்கிக்கிட்டு வர்ற விதம் தெரியாதா? பால்சுறா மத்த மீனு மாதிரி முட்டையைக் கொட்டிட்டுப் போறவ இல்ல, நம்மள மாதிரியே தொப்புள்கொடியோட வயித்துக்குள்ள வச்சு வளர்த்துப் பெத்துப் போடுறவ. வயித்துப் புள்ளக்காரி வாசல் ஏறினா எங்க குப்பத்துல எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணுன்னு முதல்ல கேக்கமாட்டோம், தண்ணி கொடுப்போம். நான் ஒரு குடம் கடல்தண்ணி கொண்டாந்து அவ முதுகுல ஊத்தினேன், அவ கண்ணை மூடித் திறந்தா. அதோட எங்க வீட்டுல ரெண்டு புள்ளத்தாச்சி ஆச்சு.

ஊர்ல இதுக்காக யாரும் மயக்கம் போட்டு விழல, அவங்கவங்களுக்கு அவங்கவங்க கவலை. துணிக்கொடியை உசத்திக் கட்டணும்னு நாலு வீட்டுக்காரிங்க முணுமுணுத்தாங்க; பந்து சுறா மேல பட்டுப் பிடிச்சா அவுட்டா இல்லையான்னு கிரிக்கெட் ஆடுற பசங்க மண்டையை உடைச்சுக்கிட்டாங்க; ஊர்ப் பூனையெல்லாம் என் வீட்டு வாசல்ல வந்து வரிசையா உக்காந்துச்சு, அவ ஒருதரம் வாயைத் திறந்து பல்லைக் காட்டினா, மறுபடி எந்தப் பூனையும் எங்க தெருவுக்கே வரல. அவ மத்தியானம் ஒரு நடை கடற்கரை வரைக்கும் போவா, ஓடை கடல்ல சேருற இடத்துல கொட்டியிருக்கிற கருங்கல்லு மேல சுத்திச் சுத்தி வருவா, மூக்கால ஒவ்வொரு கல்லையா முட்டுவா, திரும்பி வந்துடுவா.

ஏன் முட்டுறான்னு எங்க எல்லாருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தோம். அந்த ஓடைமுகம் முன்னால முழங்கால் ஆழத்துக்குப் பஞ்சு மாதிரி சேறா, வெதுவெதுன்னு இருக்கும்; அவளும் அவ ஆத்தாளும் அவளுக்கு ஆத்தாளும் குட்டி போட வந்த இடம் அதுதான். கடல் ஊருக்குள்ள வருதுன்னு நாங்கதான் மனு மேல மனு கொடுத்தோம், லாரி லாரியாக் கல்லு வந்து இறங்குச்சு, ஓடைமுகம் மூடிப்போச்சு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவ, வீட்டையே காணோம்னா எங்க போவா? கடல்ல இடமில்ல, காத்துல இடமிருந்துச்சு, வந்துட்டா.

அந்தக் கல்லுலதான் சின்னவ குடியிருந்தா. சின்னவன்னா சின்னான் குருவி, மஞ்சள் தொண்டைச் சின்னான். வடக்கே எங்கயோ ஒரு குன்றுல பொறந்தவ. அந்தக் குன்றை வெடி வச்சு உடைச்சு லாரியில ஏத்தி எங்க கடற்கரைக்குக் கொண்டாந்தப்ப, தன் மலை போற பக்கமே தானும் போறேன்னு லாரிக்குப் பின்னாலயே புருசனோட பறந்து வந்துட்டா. வந்து பார்த்தா அவ இனத்துல வேற ஒரு தலை கிடையாது. இனசனம் இல்லாத ஊருல பாட்டு மறந்துபோகும் போலிருக்கு. அவளுக்கு அவ சொந்தப் பாட்டு சுத்தமா மறந்துபோச்சு. அதுக்குப் பதிலா லாரி பின்னால வர்ற சத்தம், மீன் ஏலம் விடுறவன் கத்துறது, ஐஸ் மெஷின் உறுமுறது, நான் கடன் கேக்க வர்றவனைத் திட்டுறது, எல்லாத்தையும் அச்சு அசலாப் பாடிக்கிட்டு இருந்தா. என் வாயில வர்ற கெட்ட வார்த்தையை ஒரு குருவி மஞ்சள் தொண்டையைப் புடைச்சுக்கிட்டுப் பாடுறதைக் கேட்டு நானே ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். புருசன்காரன் வாய் செத்தவன், கூடவே உக்காந்திருப்பான்.

சரி, இப்ப என் சம்பந்தியம்மா இந்திராணியைப் பத்திச் சொல்லணும். பக்கத்துக் குப்பம், ஆறடி ஆள், அவங்க வந்தா முதல்ல குரல் வரும், அப்புறம் ஆள் வரும். பிள்ளை பெத்த மூணாம் நாள் மருமகளுக்குப் பால்சுறாவை வேகவச்சு உதுத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டு கிண்டிக் கொடுக்கணும், அப்பத்தான் பால் ஊறும், அப்படிக் கொடுக்காத சம்பந்தம் சம்பந்தமே இல்லங்கிறது அவங்க கட்சி. மூத்த மருமக வீட்டுல சுறா கிடைக்கலன்னு நெத்திலி வச்சாங்க. அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட ரெண்டு வருசம் தாய்வீட்டுலயே கிடந்துச்சு. சுகுணாவுக்கு வளைகாப்பு போட்டு என்கூட அனுப்புறப்பவே என் காதுல ஓதிட்டாங்க: "சம்பந்தி, மூணாம் நாள் சுறாப்புட்டு. இல்லாட்டி உங்க மக உங்களோடயே இருக்கட்டும்."

அந்த வளைகாப்புல நான் வாசப்படிக்கு வெளியதான் நின்னேன். என் வீட்டுக்காரர் கடல்ல போனவர், போனவர்தான். தாலி இழந்தவ சந்தனக் கிண்ணத்தைத் தொடக்கூடாதாம். பெத்த மக கைக்கு ஒரு கண்ணாடி வளையல் போட எனக்கு யோக்கியதை இல்ல, புட்டுக்குச் சுறா தேட மட்டும் இருக்கு. நானும் தேடினேன். துறைமுகம் துறைமுகமா அலைஞ்சேன். பால்சுறா வரத்தே நின்னுபோச்சு, கடல் மொத்தத்துலயும் ஒண்ணு இருந்துச்சுன்னா அது என் வீட்டு ஃபேனுக்குக் கீழ இருந்துச்சு.

மறைச்சு என்ன ஆகப்போகுது, ஒரு மத்தியானம் அரிவாள்மணையைத் தீட்டினேன். சுகுணா தூங்கிக்கிட்டு இருந்தா. பெரியவ, அதான் பால்சுறா, ஒரு கண்ணால என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அவ பயப்படல, அதுதான் என்னை உலுக்கிடுச்சு. பிரசவத்துக்கு வந்த வீட்டுல அரிவாள்மணை தீட்டினா குழம்புக்குன்னுதானே நினைப்பா? எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. வெங்காயம் எடுத்து நறுக்கித் தள்ளினேன், ஒரு கூடை வெங்காயம். அன்னிக்கு எங்க வீட்டுல வெங்காயக் குழம்பு, வெங்காய வதக்கல், வெங்காய ரசம்.

அதுக்குள்ள ஊர்ப் பஞ்சாயத்து கூடிடுச்சு. கல்லை அகட்டி ஓடைமுகத்தைத் திறந்துவிட்டாத்தான் சுறா குட்டி போடும்னு கீழத்தெரு. கல்லைத் தொட்டா குருவிக் கூடு கலைஞ்சுபோகும், உள்ள ரெண்டு முட்டை இருக்குன்னு மேலத்தெரு. ரெண்டுல எது பெருசுன்னு எடை போட ஆரம்பிச்சானுங்க பாருங்க, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறவனுங்க தோத்தானுங்க.

"குருவி பாடும். உங்க சுறா என்ன பண்ணும்?"ன்னான் மேலத்தெரு ஆளு ஒருத்தன்.

"பாடுற லட்சணத்தைத்தான் கேட்டமே, லாரி ரிவர்ஸ் எடுக்கிற பாட்டு! எங்க சுறா சத்தமே போடாது, குடும்பத்துக்கு அடக்கமான பொண்ணு."

"குருவியைப் பார்க்க வெளியூர்லேருந்து கேமராவோட எத்தனை பேரு வர்றாங்க தெரியுமா? உங்க சுறாவைப் பார்க்க ஒரே ஒருத்தர்தான் வந்தாரு, அவரும் கிலோ என்ன விலைன்னு கேட்டாரு!"

"அதான்டா சொல்றோம்! குருவிக்கு அழ ஆள் இருக்கு. இவளுக்கு யாரு இருக்கா?"

"குருவி யாரையாவது கடிச்சிருக்கா?"

"சுறா யாரு தலையிலயாவது எச்சம் போட்டிருக்கா?"

எங்க நாட்டார் வைத்தியலிங்கம், ஊருக்குத் தலைவர், நல்ல மனுசர்தான், ஆனா எந்த வழக்குலயும் ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லியே காலத்தை ஓட்டினவர். வானத்தைப் பார்த்தார், வேட்டியை இறுக்கினார், கடைசியில ஒண்ணு கண்டுபிடிச்சார்: "நம்ம ஊர்ல வளையல் போட்டுத்தானே பொண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புறோம்? இவங்க ரெண்டு பேரும் வளையல் போடாம வந்துட்டாங்க. அதான் ஒருத்திக்குப் பிரசவம் ஆகல, ஒருத்திக்கு முட்டை பொரியல. முதல்ல ரெண்டு பேருக்கும் வளைகாப்பு போடுங்க, கல்லைப் பத்தி அப்புறம் பேசலாம்." இதுல ஒரு அர்த்தமும் இல்ல, ஆனா சாப்பாடு இருந்துச்சு, ரெண்டு தெருவும் ஒத்துக்கிச்சு.

ஓடைமுகத்துக்கிட்ட மணல்ல பந்தல் போட்டாங்க. எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம், தட்டு தட்டா வளையல். பெரியவளை மனையில உக்கார வைக்க முடியாதுல்ல, மனைக்கு மேல மிதக்க விட்டாங்க; பக்கத்துல சுகுணா; சின்னவ முட்டையை விட்டு வரமாட்டேன்னுட்டா, அவளுக்கு நேர் கீழ கல்லுல ஒரு தட்டு வச்சாங்க. நான் வழக்கம்போலப் பந்தலுக்கு வெளிய, தண்ணிக் குழாய்கிட்ட நின்னேன்.

எல்லாம் வச்சப்புறம்தான் ஒரு சிக்கல் வந்துச்சு. முதல் வளையல் புருசன் வீட்டு மனுசிதான் போடணும். சுறாவோட மாமியாருக்கு எங்க போறது? ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் தாய்வீட்டு மனுசிங்க ஆச்சே! நாட்டார் மறுபடி வானத்தைப் பார்த்தார்.

அப்ப ரோட்டுல ஆட்டோ சத்தம் கேட்டுச்சு, அதுக்கு முன்னாடியே குரல் கேட்டுச்சு: "அடேங்கப்பா, சம்பந்தின்னா இப்படில்ல இருக்கணும்! உயிரோடயே பிடிச்சு வச்சிருக்கீங்களாமே!" இந்திராணியம்மா ஒரு கையில இட்லிக் கொப்பரை, ஒரு கையில புதுசாத் தீட்டின அரிவாள்மணை, இடுப்புல ஒரு படி பூண்டோட இறங்கினாங்க. புட்டுக்குத் தயாரா வந்திருக்காங்க.

ஊர்ச் சனம் அவங்க கையிலிருந்த அரிவாள்மணையைப் பார்க்கவே இல்ல, வெளியூர்க்காரிங்கிறதை மட்டும் பார்த்துச்சு. "வந்தாச்சு, மாப்பிள்ளை வீட்டு மனுசி வந்தாச்சு!"ன்னு குலவை போட்டாங்க. அரிவாள்மணையை ஒருத்தி வாங்கி வச்சா, கொப்பரையை ஒருத்தி வாங்கி வச்சா, தலையில பூ வச்சா ஒருத்தி, தோளை அமுக்கிப் பெரியவளுக்கு முன்னால உக்கார வச்சாங்க. "மாமியா முதல் வளையலைப் போடுங்க"ன்னு நாட்டார் கும்பிட்டார்.

"யாருய்யா மாமியா? நான் இவளைப் புட்டு வைக்க வந்தவ!"ன்னாங்க இந்திராணியம்மா.

சந்தனக் கிண்ணம் அவங்க முன்னால இருக்கு, பக்கத்துல நிறைமாசமா அவங்க மருமக உக்காந்திருக்கா, அவ வயித்துல அவங்க பேரப்பிள்ளை இருக்கு. ஒரு புள்ளத்தாச்சிக்கு வளையல் போடாம எழுந்தா அது இன்னொரு புள்ளத்தாச்சிக்கு ஆகாதுன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன? சட்டம் போடுறவங்களுக்குத்தான் சட்டம் மேல பயம். பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சந்தனத்தைத் தொட்டுச் சுறா கன்னத்துல தடவினாங்க, கன்னம் எதுன்னு தெரியாமச் செவுள்ல தடவினாங்க. வாலுல ஒரு பச்சை வளையலை மாட்டினாங்க. அப்புறம் வழக்கப்படி வயித்துல கையை வச்சாங்க.

கையை எடுக்கல.

"உதைக்குதுங்க"ன்னாங்க. அந்தக் குரல்ல அவங்க அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. "அடியாத்தி, ஒண்ணு ரெண்டு இல்ல, இங்க ஒண்ணு உதைக்குது, இங்க ஒண்ணு..." பெரியவ தள்ளாடிக்கிட்டு மிதந்துக்கிட்டு இருந்தா, பந்தல் துணி ஓட்டை வழியா விழுந்த வெயில்ல முதுகெல்லாம் உலர்ந்து வெளுத்துப் போயிருந்தா. இந்திராணியம்மா அவளைத் தன் பக்கமா இழுத்து, முந்தானையை அவ தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "ஏண்டி இப்படி நிக்கிற, வா, வந்து உக்காரு."

மேல கல்லுல சின்னவ தலையைச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தா.

அடுத்த நொடி பெரியவளுக்கு வலி கண்டுடுச்சு. உடம்பை வளைச்சுப் பந்தல் துணியை முட்டிக் கிழிச்சுக்கிட்டு ஓடைமுகத்துக்குப் பறந்தா, கல்லுல மூக்கால முட்டினா, முட்டிக்கிட்டே இருந்தா. மூக்குல ரத்தம் வந்துச்சு. கீழத்தெருவும் மேலத்தெருவும் மறுபடி எது பெருசுன்னு ஆரம்பிச்சானுங்க.

"வாயை மூடுங்கடா!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க இந்திராணியம்மா. கடலே ஒரு அலை தாமதிச்சு வந்துச்சு. "எது பெருசு, எது சிறுசுன்னு தராசுல வச்சுக்கிட்டு இருக்கீங்க? ஒரு வீட்டுல ரெண்டு பேரு முழுகாம இருந்தா ஒருத்தியை வெளிய தள்ளிட்டு ஒருத்திக்குப் பாய் போடுவீங்களா? கூடு இருக்கிற கல்லை விடு. மத்ததை இழு!"

"கல்லை எடுத்தா கடல் ஊருக்குள்ள வந்துடுமேம்மா"ன்னார் நாட்டார்.

"சுறாவே வந்துட்டா, இனி கடல் வந்தா என்னய்யா?"

கரைவலைக் கயித்தைக் கொண்டாந்து கல்லுல மாட்டினாங்க, ரெண்டு தெருவும் ஒரே கயித்துல ஏலேலம் போட்டு இழுத்துச்சு. வளையல் போட்ட கை, சந்தனம் தொட்ட கை, கேமரா பிடிச்ச கை எல்லாம் சேர்ந்து இழுத்துச்சு. கல்லு புரளப் புரள அதைக் கரை மேலயே, கூட்டைச் சுத்தி அடுக்கினாங்க. சின்னவளுக்கு அவ குன்று பாதி திரும்பி வந்த மாதிரி ஆச்சு. ஓடைமுகத்துல முதல்ல கையளவு தண்ணி கசிஞ்சுச்சு, அப்புறம் பொங்கிட்டு வந்துச்சு. பெரியவ காத்துலேருந்து தண்ணிக்குள்ள இறங்கினா, நம்ம வீட்டுப் பொம்பளைங்க படியிறங்குற மாதிரி பார்த்துப் பார்த்து. கொஞ்ச நேரத்துல சேத்துத் தண்ணியில விரல் நீளத்துக்குத் துடுப்புங்க, நாலோ அஞ்சோ, எண்ண விடாம ஓடுச்சு. பச்சை வளையல் மட்டும் கழண்டு கரையில ஒதுங்குச்சு, ஒடையாம.

மறுநாள் சுகுணாவுக்குப் பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. மூணாம் நாள் என்ன ஆகுமோன்னு நான் சாமி எல்லாத்தையும் வரிசையாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். இந்திராணியம்மா காலையிலேயே வந்தாங்க, அடுப்படியில புகுந்து கிழங்கான் மீனை வேகவச்சு உதுத்தாங்க, ஒரு படி பூண்டையும் அதுல கொட்டிக் கிண்டினாங்க, கொப்பரையோட வாசல்ல வந்து நின்னு தெருவே கேக்கச் சொன்னாங்க: "இது சுறாப்புட்டு. நான் சொல்றேன், சுறாப்புட்டு. எவளாவது இல்லன்னா இப்பவே சொல்லட்டும்." எவ சொல்லுவா? சுகுணா தின்னா, நல்லாப் பால் ஊறுச்சு.

ஒரு மாசம் கழிச்சு என் மகளையும் பேத்தியையும் கூட்டிப் போக வந்தப்போ, இந்திராணியம்மா பழைய இந்திராணியம்மாவா இருந்தாங்க. ஆட்டோவுல ஏறி உக்காந்துக்கிட்டு, துணிமூட்டை சின்னதா இருக்குன்னாங்க, புள்ளை உங்க மூக்கை வச்சிருக்குன்னு என்கிட்ட குறை சொன்னாங்க. சுகுணா குழந்தையோட வாசல்ல வெயில்ல நின்னா, ஏறலாமா வேணாமான்னு கால் வரல அவளுக்கு. மூத்தவளுக்கு நடந்தது அவ மனசுலயும்தானே இருக்கும். அப்ப ஓடைமுகத்துக் கல்லு மேலருந்து சின்னவ தொண்டையைப் புடைச்சுக் கூவினா, இந்திராணியம்மாவோட குரல்ல, அந்த வளைகாப்புக் குரல்ல, முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்ன குரல்ல:

"ஏண்டி இப்படி நிக்கிற, வா, வந்து உக்காரு."

கூட்டுலேருந்து ரெண்டு குஞ்சும் அதையே சொல்லுச்சு. ஓடைத் தண்ணியில குட்டித் துடுப்புங்க, தங்களைத்தான் கூப்பிடுறாங்கன்னு கரையோரமா வந்து நின்னுச்சு.

"நான் சொல்லல, குருவி சொல்லுது"ன்னாங்க இந்திராணியம்மா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் நகர்ந்து இடம் விட்டாங்க. "சரி, அது சொன்னா என்ன, நான் சொன்னா என்ன. வாடி."

சுகுணா ஏறினா. ஆட்டோ போயிடுச்சு. ஊர்ச் சனமும் வழியனுப்பிட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிடுச்சு. நான் எங்க போறது, வீடு காலி, ஃபேனுக்குக் கீழ யாரும் இல்ல. ஓடைமுகத்துக்குப் போயி, பந்தல் போட்டிருந்த இடத்துல, அன்னிக்கு நான் நின்ன அதே குழாய்கிட்டயே போயி நின்னேன். பழக்கதோசம்.

சின்னவ என்னைத் தலையைச் சாய்ச்சுப் பார்த்தா. எவ்வளவு கெட்ட வார்த்தையை என்கிட்ட கத்துக்கிட்டவ, அதுல ஒண்ணை எடுத்து வீசுவான்னுதான் நினைச்சேன்.

"ஏண்டி இப்படி நிக்கிற"ன்னா. "வா, வந்து உக்காரு."

போயி உக்காந்தேன்.